முடிவுறாத படத்தை எவ்வளவு காட்டலாம்? – வாசகர் கேள்வி பதில்

சுயாதீனமாக ஆவணப்படம் எடுப்போர் தமது கேள்விகளை எழுதி அனுப்பலாம் என்று கடந்த இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை, படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் முன்னேற்றத்தை இணையத்தில் பகிர்வது பற்றியனவாக இருந்தமையால், இம்முறை அவற்றையே எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டிய ஓடாவிமாரைப் பற்றி நானும் தம்பியும் ஆவணப்படம் எடுத்துவருகிறோம். வாரம் ஒரு காணொளியாவது யூடியூப்பில் போட்டால்தான் பார்வையாளர் சேருவார்கள் என்று வெளிநாட்டு நண்பர்கள் சொல்கிறார்கள். திரைத்துறையில் உள்ள ஒருவரோ, ஒரு காட்சியைக்கூட வெளியே விடாதீர்கள், விழாக்களில் எடுக்கமாட்டார்கள், கருவையும் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வல்வெட்டித்துறை

விழாக்களைப் பற்றிய அச்சம் எளிதில் தீரக்கூடியது என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். 1989 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் ஜப்பானின் யமகட்டா ஆவணப்பட விழா, 1997இல் காத்மாண்டுவில் தொடங்கிய பிலிம் சவுத் ஏசியா, 2015இல் நமது நகரில் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா என எந்த விழாவை மனதில் வைத்திருந்தாலும், அந்த ஆண்டுக்குரிய விதிமுறையை முழுமையாக வாசித்துவிடுங்கள். பொதுவாக விழாக்களை உறுத்துவது, முழுப் படமும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் கிடப்பதுதான். முன்னோட்டமோ, ஒன்றிரண்டு நிமிடத் துணுக்கோ, படப்பிடிப்புக் குறிப்போ அவர்களுக்கு இடையூறாவதில்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் பிரதியைக் கடவுச்சொல்லிட்டு அனுப்புங்கள். யூடியூப்பில் பட்டியலிடாமல் (unlisted) வைத்த காணொளியை, இணைப்புக் கிடைத்த எவரும் திறக்கலாம். ஒரு வட்ஸ்அப் குழுவில் அது விழுந்தால் அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பார்த்து முடித்துவிடும்.

கரு பறிபோகும் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, சட்டம் உங்களுக்குத் துணை வராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்ணங்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை; அவ்வெண்ணத்தை நீங்கள் படமாகவோ எழுத்தாகவோ ஆக்கிய வடிவத்துக்கே பாதுகாப்புண்டு. ஆயினும், ஓடாவிக் குடும்பங்களின் திண்ணையில் நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பெற்ற நம்பிக்கையை, உங்களுடைய துணுக்கொன்றைப் பார்த்துவிட்டு எவராலும் எடுத்துச்செல்ல இயலாது. அந்த நம்பிக்கை இல்லாமல் அதே கருவை ஒருவர் படமாக்கினால், அது வேறொரு படமாகவே இருக்கும்.

இனி, பகிர்வதால் என்ன பயன் என்பதைப் பார்ப்போம். நண்பர்கள் சொல்லும் பார்வையாளர் எண்ணிக்கையை நான் பெரிதாக எண்ணவில்லை. உங்கள் படத்துக்குரிய பொருட்கள் உங்கள் ஊரில் மட்டும் இல்லை என்பதே முக்கியமானது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்டு, நம்மவரே செலுத்திச் சென்று 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கப்பலிலும் அதற்கு முன்பின் ஓடிய கப்பல்களிலும் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். இடப்பெயர்வுகளில் இங்கே தொலைந்துபோன நிழற்படத்தின் மற்றொரு பிரதி, அங்கே யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் இருக்கக்கூடும். அதனை வெளிக்கொணர இணையத்தைவிட மலிவான வழி இல்லை.

ஆகவே தேடலைப் பகிருங்கள். ஓடாவி ஒருவர் கையில் வைத்திருக்கும் உளியைப் படம்பிடித்து, இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். பழைய படமொன்றை உரியவரின் அனுமதியுடன் சிறிய அளவில் வெளியிட்டு, இடப்பக்கம் நிற்பவர் யார் என்று கேளுங்கள். நேர்காணலில் முதியவர் ஒருவர் தன்னை மறந்து பேசிய அந்த நான்கு நிமிடங்களைப் படத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னூட்டங்களில் என் பாட்டனார்தான் தண்டையல் (கப்பற் தலைவர்), என் பூட்டனார்தான் கப்பலைக் கட்டியவர் என்று உரிமை கோரல்களும், அவற்றைத் தொடர்ந்து சண்டைகளும் வரும். வல்வெட்டித்துறையில் வராமல் இருந்தால்தான் வியப்பு. அவற்றுள் எதனையும் உண்மையென்று உடனே எடுத்துக்கொள்ளாமலும், பொய்யென்று ஒதுக்காமலும், யார் எப்போது என்ன சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, கடிதம், உறுதிப் பத்திரம், கப்பற் பத்திரம் என ஏதேனும் சான்று உண்டா என்று தனித்தனியே கேளுங்கள்.

வாரம் ஒரு காணொளி என்பதற்கு நான் உடன்படமாட்டேன். மூன்று நிமிடக் காணொளியை ஒழுங்காகத் தொகுக்க ஒரு முழு நாளாவது போகும். அந்த நாள் படத்திலிருந்தே கழிகிறது. அதைவிடக் கேடானது, அடுத்த வாரம் எதைப் போடலாம் என்ற கண்ணோடு கமராவைத் தூக்கப் பழகிவிடுவது. மாதத்துக்கு ஒன்று போதும். சொல்வதற்கு எதுவும் இல்லாத மாதத்தில் அதுவும் வேண்டாம்.

காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் ஓர் அம்மாவை நேர்காணல் செய்தேன். சம்மதப் படிவத்திலும் கையொப்பமிட்டார். நாற்பது விநாடி முன்னோட்டம் ஒன்றை முகநூலில் போட்டேன். மறுநாள் வெளிநாட்டிலிருக்கும் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, உடனே எடுத்துவிடும்படி கோபமாகச் சொன்னார். அம்மாவிடம் கேட்டால், ‘தம்பி, உனக்குச் சரியெண்டு படுறதைச் செய்’ என்கிறார். கையொப்பம் என்னிடம் இருக்கும்போது நான் எடுக்கத்தான் வேண்டுமா? – சாவகச்சேரி

முதலில் எடுத்துவிடுங்கள், மற்றவற்றைப் பிறகு பேசலாம். பதிவு மீண்டும் எப்போது வேண்டுமானாலும் ஏற்றக்கூடியது. ஆனால் பிறர் தரவிறக்கிப் பரப்பிய பிரதிகளை உங்களால் திரும்பப் பெற முடியாது என்பதால், ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் சேருகிறது.

அந்த அம்மா எதற்குக் கையொப்பமிட்டார் என்பதை எண்ணிப்பாருங்கள். ‘படம்’ என்றபோது, ஒரு மண்டபத்தில் ஒருநாள் காட்டப்பட்டு முடிந்துவிடும் ஒன்றை அவர் நினைத்திருக்கலாம். தமது முகம் பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசியிலும், வீடுகளுக்கு வந்து பெயர் சொல்லாமல் விசாரித்துச் செல்வோரின் தொலைபேசியிலும் ஒரே நேரத்தில் ஓடும் என்றும், அதன் கீழே முன்பின் அறியாதவர்கள் கருத்தெழுதுவார்கள் என்றும் உங்கள் படிவம் அவருக்குச் சொல்லியிருக்காவிட்டால், அக்கையொப்பம் இந்த முன்னோட்டத்துக்கு இடப்பட்டதன்று.

அவருடைய மறுமொழியையும் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தம் வீட்டில் தேநீர் குடித்து, தம் கதையைப் பொறுமையாகக் கேட்ட ஒரு பொடியனை நேருக்கு நேர் மறுப்பது நம் வீடுகளில் ஒரு தாய்க்கு எளிதான காரியமல்ல. அவ்வாறு மறுக்க விரும்பாதவர்கள் சொல்லும் சொல்தான் அது. மகளுடைய சொல்லுக்கு அம்மாவின் உரிமையை மீறும் அதிகாரம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அவருடைய அச்சத்துக்கு ஒரு காரணம் இருக்கும்: அவருடைய புகலிட வழக்கு இன்னும் முடியாமல் இருக்கலாம், இங்கே இன்னொரு சகோதரன் வேலைக்குப் போய்வரலாம். கமரா இல்லாமல் ஒருநாள் நேரிற் சென்று, இருவரோடும் பேசி, அக்காரணத்தை அறிந்துகொள்ளுங்கள்.

2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் முகம் காட்டியே அமர்ந்திருக்கிறார்களே, அவர்களின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றனவே, இதில் மட்டும் என்ன புதிதாக மறைக்க இருக்கிறது என்று உங்களிடம் யாரேனும் வாதிடலாம். கொட்டகையில் அமர்வது அவர்கள் தாமாகத் தீர்மானித்தது. அங்கே அவர்கள் பலருள் ஒருவராக, தாம் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்கிறார்கள். உங்கள் கமரா இருந்ததோ அவருடைய அடுப்படியில். அங்கே அவர் தனியாக இருந்தார். மகன் கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்பதுவரை சொன்னார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இனிமேல் அனுமதியை மூன்று தடவையாகப் பிரித்துக் கேளுங்கள்: படம்பிடிக்க ஒன்று, முடிந்த படத்திற் சேர்க்க ஒன்று, இணையத்தில் துணுக்காக வெளியிட ஒன்று. மூன்றாவதைக் கேட்கும்போது துணுக்கை உங்கள் தொலைபேசியில் அவருக்கே போட்டுக் காட்டி, எங்கே வெளிவரும், யார் பார்ப்பார்கள் என்பதைப் பேச்சுத் தமிழிற் சொல்லி, இரண்டு நாள் அவகாசம் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். தொகுப்பு முடியும்வரை எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். முகத்தை மறைக்க வேண்டிய ஒருவரென்றால், எடுக்கும்போதே கைகளையும் நிழலையும் முதுகுப்புறத்தையும் எடுங்கள். பின்னர் கணினியில் மங்கலாக்கிய முகத்தை, குரலையும் நடையையும் வைத்து ஊரார் இனங்கண்டுவிடுவார்கள். பேரப்பிள்ளையின் பாடசாலைச் சீருடை, வாசல் இலக்கம், மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடு, சுவரில் மாட்டிய குடும்பப் படம் ஆகியவை பின்னணியில் இருக்கின்றனவா என்பதையும் ஒவ்வொரு காட்சிச் சட்டமாக (frame) நிறுத்திப் பாருங்கள். தொலைபேசியில் எடுத்த கோப்புக்குள் இடக்குறிப்பும் பதிந்திருக்கலாம். அதனை அழித்தபின்பே எவருக்கும் அனுப்புங்கள்.

கனடாவிலுள்ள சொந்தக்காரர்கள் படத்துக்குப் பணம் சேர்த்துத் தரத் தயாராக இருக்கிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதிதிரட்டும் தளத்தில் தொடங்கலாமா? கணக்கை இணையத்தில் வெளிப்படையாகக் காட்ட வேண்டுமா? – உரும்பிராய்

கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. கனடா உண்டு, எனவே உங்கள் சொந்தக்காரர் ஒருவர் தம் பெயரில் தொடங்கலாம். அப்படியானால் சட்டப்படியும் வரிக் கணக்கிலும் பொறுப்பாளி அவரே என்பதை இருவரும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். அங்கே குறித்த இலக்கு முழுவதும் சேர்ந்தாலன்றி ஒரு சதமும் கைக்கு வராது. சேர்ந்தாலும் ஐந்து வீதம் நிறுவனத்துக்கும், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமாக ஒரு பகுதியும் போய்விடும். முப்பது பேரளவில் கொடுப்பவர்களாக இருந்தால், இத்தனை சிரமப்படாமல் தனியொரு வங்கிக் கணக்கைத் திறந்து அதற்கு நேரடியாக அனுப்பச் செய்வதே சிக்கனமானது. உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கணக்கைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஊருக்கெல்லாம் அல்ல, கொடுத்தவர்களுக்கு. வரவு, வாகனச் செலவு, வாடகை, உதவியாளர் கூலி என்று ரூபாயில் ஒரு பக்கக் கணக்கை மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமானது. பொது இணையத்தில் கொடுத்தவர் பெயரும் தொகையும் வெளிவந்தால், அடுத்த வாரமே அந்த அண்ணருக்கு ஊரிலுள்ள எல்லாக் கோயில்களின் திருப்பணிச் சபைகளிலிருந்தும் கடிதம் போகும்.

பணத்தோடு வரும் இன்னொன்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெருந்தொகை தந்த மாமா ஒருவர், தம் பாடசாலையின் நூற்றாண்டு விழாவையும் படத்தில் ஒரு நிமிடம் சேர்க்கச் சொல்லுவார். அவர் கேட்பதில் கெட்ட எண்ணம் இருக்காது. தம் பணத்துக்குத் தாம் நேசிப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். ஆகவே முதற் கடிதத்திலேயே, படத்தின் உள்ளடக்கத்தை இயக்குநரே தீர்மானிப்பார், கொடுப்பவர்களுக்கு நன்றிப் பட்டியலில் பெயரும் வெளியீட்டுக்கு முந்திய காட்சியும் உண்டு என்று எழுதி, அதற்கு அவர்களின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். முடிவுத் திகதி எதனையும் வாக்களிக்க வேண்டாம்.

கோயில் திருவிழாவில் எடுத்த காட்சியை ஏற்றியதும், பின்னணியில் ஒலிபெருக்கியிற் கேட்ட பாட்டுக்காக யூடியூப் உரிமைக் கோரல் அனுப்பியிருக்கிறது. கோயிற் பாட்டுக்கும் உரிமை உண்டா? – நீர்வேலி

உண்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனை எவருக்கும் பொது. அதனை ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு அவ்வாறன்று. அதன் உரிமை பதிவு நிறுவனத்துக்கும் பாடியவருக்கும் உரியது. யூடியூப்பின் பொறி ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தப் பதிவின் ஒலியைத்தான், அது கோயிலில் ஒலித்ததா கலியாண வீட்டில் ஒலித்ததா என்பதை அது அறியாது. முன்னேற்றக் காணொளியில் வந்த கோரலுக்காகப் பதற வேண்டாம். அந்தப் பகுதியின் ஒலியை நீக்கினால் தீர்ந்தது. ஆனால் முடிந்த படத்திலும் அதே ஒலி இருந்தால், விழாவுக்கும் தொலைக்காட்சிக்கும் அனுப்பும்போது உரிமைப் பத்திரம் கேட்பார்கள். அடுத்தமுறை, நேரில் வாசிக்கும் நாதஸ்வர, தவிற் கலைஞர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்று அவர்களுடைய வாசிப்பைத் தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலை ஒலிபெருக்கி கட்டிய தெருவில் நடத்தவே வேண்டாம்.

என்னிடம் கையடக்கத் தொலைபேசி மட்டுமே உண்டு. தீவில் எடுத்ததை அன்றன்றே முகநூலில் ஏற்றிவிட்டு, இடம் போதாமையால் தொலைபேசியிலிருந்து அழித்துவிடுகிறேன். இது சரியா? – நெடுந்தீவு

எடுப்பது சரி, அழிப்பது பெருந்தவறு. முகநூலும் வட்ஸ்அப்பும் ஏற்றும்போதே காணொளியைச் சுருக்கிவிடுகின்றன. அங்கிருந்து திரும்ப இறக்குவதைக் கொண்டு பெரிய திரைக்குப் படம் செய்ய இயலாது. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே காட்சி, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 45 கிகாபைட் இடத்தைப் பிடிக்கும் என்று கணக்கிட்டு, இரண்டு வன்தட்டுகளை வாங்குங்கள். புதிய லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தை இதற்குச் செலவிட்டாலும் பிழையில்லை. இரண்டிலும் ஒரே பிரதியை ஏற்றி, ஒன்றை வீட்டிலும் மற்றதைக் குறிகட்டுவான் படகேறி யாழ்ப்பாண நகரத்திலுள்ள ஒரு நம்பிக்கையான வீட்டிலும் வையுங்கள். உப்புக்காற்றுப் படும் வீட்டில் தட்டைக் காற்றுப் புகாத டப்பாவுக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைக்க வேண்டும்.

தொலைபேசியில் எடுப்பதால் காட்சி கெட்டுவிடாது; ஒலிதான் கெடும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தீவின் கரையில் நின்று பேசுபவரின் குரல், ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இல்லாமல் எவ்வளவு அருகில் வைத்தாலும் கேளாது. ஆடையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்றும் அதற்கு உரோம உறையும் வாங்குங்கள், அல்லது காற்றுக்கு மறைவாக, பவளக்கல் வேலியின் உட்புறம் உட்கார வைத்துப் பேசச் செய்யுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், விநாடிக்கு 25 காட்சிச் சட்டமும், கமராவின் மூடித் திறப்பு நேரத்தை (shutter) ஐம்பதில் ஒரு விநாடியாகவும் வைத்தால் குழல் விளக்கின் கீழ் காட்சி துடிக்காது.

ட்ரோன் வைத்திருக்கும் நண்பரை அழைக்க எண்ணினால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி கையிலிருக்கட்டும். அனுமதியின்றிப் பறக்கவிட்டு எடுத்த காட்சியை நீங்களே இணையத்தில் ஏற்றினால், உங்களுக்கு எதிரான சாட்சியை உங்கள் கையாலேயே கொடுத்தவராவீர்கள்.

ஒரு வருடமாகப் படத்தைப் பற்றி எழுதிவருகிறேன். விருப்பக்குறி இடுபவர்கள் பெரும்பாலும் என் வகுப்பு நண்பர்களே. ஆங்கிலத்தில் எழுதினால் வரவேற்புக் கிடைக்குமா? அல்லது நிறுத்திவிடுவதா? – மானிப்பாய்

உங்கள் படம் எதைப் பற்றியது என்று கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் பதிவுகளும் அப்படித்தான் இருக்குமோ என்று ஐயுறுகிறேன்: இன்று படப்பிடிப்பு இனிதே நடந்தது, இன்று தொகுப்பு தொடங்கியது என்ற செய்திகள் நண்பர்களுக்கு மட்டுமே சுவைக்கும். படத்திலிருந்து நீங்கள் புதிதாக அறிந்த ஒன்றை, ஒரு பதிவுக்கு ஒன்றாக, விபரத்தோடு எழுதிப்பாருங்கள். மொழியைப் படத்திலுள்ளவர்களைக் கொண்டு தீர்மானியுங்கள். அவர்கள் தமிழில் வாசிப்பவர்களானால், தம்மைப் பற்றி நீங்கள் வெளியே என்ன சொல்கிறீர்கள் என்பதை அவர்களும் வாசிக்கக்கூடியதாக முதலில் தமிழில் எழுதுங்கள். நிதி நிறுவனங்களுக்கும் விழாக்களுக்குமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலச் சுருக்கம் ஒன்று போதுமானது.

விருப்பக்குறிகளைவிடப் பயனுள்ள மறுமொழி உங்களுக்கு அருகிலேயே கிடைக்கும். முதற் தொகுப்பு முடிந்ததும், படத்திலுள்ளவர்களையும் அவர்களின் குடும்பத்தாரையும் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு அழைத்து, ஒரு சுவரிற் போட்டுக் காட்டுங்கள். எங்கே அசைந்து உட்காருகிறார்கள், எங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பின்வரிசையிலிருந்து கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இது அழைக்கப்பட்டவர்களுக்கான காட்சி. பொதுமக்களுக்குத் திரையிடும்போது தணிக்கைச் சபையின் சான்றிதழ் வேண்டும், அதற்கான காலத்தையும் உங்கள் திட்டத்திற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதானால் பதிவுகளை நிறுத்துங்கள், சேர்த்தவற்றை அழிக்க வேண்டாம். படத்தில் இடம்பெறாத நேர்காணல்களை, பேசியவர்களின் சம்மதத்தோடு, ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுக்கலாம். அங்கே பல்லூடகப் பதிவுகளையும் ஏற்றுச் சேமிக்கிறார்கள். கொடுக்கும்போது பேசியவரின் பெயர், ஊர், எடுத்த திகதி, எந்தெந்தப் பகுதி வெளியிடத் தக்கது, எது தக்கதன்று என்பவற்றை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள்.